பால்பல்லும் வீட்டாரின் சொல்லும்

பிள்ளைக்கு முதற்பல் முளைத்துவிட்டால் யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதி வீடுகளில் அது சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லியனுப்ப வேண்டிய செய்தி. அச்சுவேலி, பத்தமேனி, ஆவரங்கால், புத்தூர் என்று எந்த ஊரானாலும் அதற்குப் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பார்கள். தேங்காய்ச் சொட்டைப் பல் அளவுக்குக் கீறிக் கொழுக்கட்டையின் ஓரத்தில் பதிப்பார்கள். பிள்ளையை இருத்தித் தலைக்குமேல் வெள்ளைத் துணி பிடித்து, மாமி முறையானவர் கொழுக்கட்டையைச் சொரிவார். பிறகு ஏடு, பேனை, நகை என்று சிலவற்றைப் பரப்பி, பிள்ளை எதைத் தொடுகிறது என்று கூடியிருப்போர் பார்ப்பார்கள். பல் வருவதை இவ்வளவு பேர் சேர்ந்து கொண்டாடும் குடும்பம், நான்கைந்து வருடம் கழித்து அதே வாயில் கடைவாய்ப் பால்பல் சூத்தையாகும்போது எங்கே நிற்கிறது? பெரும்பாலும் பல் வைத்தியரின் கதிரைக்குப் பக்கத்தில், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, சொன்னதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. பிள்ளைகளின் பல் வைத்தியத்தில் வைத்தியரும் வீட்டாரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்ற கருத்து இன்று உலகெங்கும் புதிதாக வந்ததுபோலப் பேசப்படுகிறது. அச்சுவேலி போன்ற ஊரின் வைத்திய வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால் விடயம் வேறாகத் தெரிகிறது. வீட்டாருக்கு இங்கே ஒருகாலம் இடம் இருந்தது. பிறகு நல்ல காரணங்களுக்காகவே அவர்கள் ஓரமாக்கப்பட்டார்கள். அதனால் நிலைப்பற்கள் பிழைத்தன, பால்பற்கள் பிழைக்கவில்லை.

முதலில் பரிகாரியார்கள் எனப்பட்ட நாட்டு வைத்தியர்களின் காலம். யாழ்ப்பாணத்துச் சித்த மருத்துவம் வெறும் கைப்பழக்கமாக நின்றுவிடவில்லை. அதற்கு ஏட்டு மரபு ஒன்று உண்டு. அரசர் காலத்துத் தொகுப்பாகச் சொல்லப்படும் பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையா 1928 முதல் பாகம் பாகமாக அச்சிட்டார். தலை நோய்களுக்கு ஒரு பாகம், பாலர் நோய்களுக்கு ஒரு பாகம் என்று பிரித்திருந்த அந்த வரிசையே குழந்தை வைத்தியம் தனித்த அறிவாகக் கருதப்பட்டதைக் காட்டுகிறது. நமது கேள்விக்கு அந்த மரபின் மருந்துச் சரக்கைவிட அது நடந்த இடம் முக்கியமானது. வைத்தியம் வீட்டில் நடந்தது. மருந்தை இடித்ததும், குடிநீரைக் காய்ச்சியதும், பத்தியம் சமைத்ததும் வீட்டுப் பெண்கள். பால்குடிப் பிள்ளைக்கு நோய் என்றால் பத்தியம் காக்க வேண்டியவள் தாய். ஆகவே பரிகாரியார் தாயிடமும் அம்மம்மாவிடமும் விளக்கிச் சொல்லாமல், அவர்களால் எது இயலும் என்று கேட்காமல், எதையும் தொடங்கவே முடியாது. சேர்ந்து முடிவெடுப்பது அங்கே கொள்கையாக இருக்கவில்லை. வேறு வழியில்லாததால் நடந்தது. அதைப் பொற்காலமாக்கிப் பேச நான் விரும்பவில்லை. பற்புழுவை வெளியேற்றக் கண்டங்கத்தரி விதையைப் புகைத்து வாயில் பிடித்த காலம் அது. புழு இல்லாத இடத்தில் புழுவைத் தேடியதால் பிள்ளையின் நோவு ஓயவில்லை. வீட்டுக்குள்ளும் எல்லோருடைய சொல்லுக்கும் ஒரே எடை இருந்ததில்லை: மூத்தவரின் சொல் முதலில் நின்றது, இளந்தாயின் சொல் பிறகு, பிள்ளையின் சொல்லுக்கு இடமே இல்லை. என்றாலும் ஒன்றை அந்தக் காலம் சரியாகப் பிடித்திருந்தது. பிள்ளையின் வைத்தியத்தில் பெரும்பகுதியை வைத்தியர் போன பிறகு வீட்டார்தான் செய்கிறார்கள்.

மேலை மருத்துவம் வந்தபோது இந்தப் பிடி உடனே அறுந்துவிடவில்லை. அமெரிக்க மிஷனின் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறுவருடம் மானிப்பாயில் வைத்தியசாலையும் மருத்துவக் கல்வியும் தொடங்கினார். 1864 முதல் அவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, இரணவைத்தியம் முதலிய பெருநூல்கள் அவருடைய முயற்சியால் தமிழில் வந்தன. தம் மாணவர் உடையிலும் பழக்கத்திலும் தமிழராகவே இருக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். இதைத் தமிழ்த்தொண்டு என்று போற்றுவது வழக்கம். வைத்திய வரலாற்றின் கண்ணால் பார்த்தால் இதில் இன்னொன்றும் உண்டு. நோயாளியின் வீட்டு மொழியில் நோயைச் சொல்லத் தெரியாத வைத்தியன் பாதி வைத்தியன் என்பதே கிறீனின் ஏற்பாட்டுக்கு அடிப்படை. அந்த ஏற்பாடு அவருக்குப் பிறகு நிலைக்கவில்லை. 1873இல் அவர் நாடு திரும்பினார். மருத்துவக் கல்வி கொழும்புக்கும் ஆங்கிலத்துக்கும் போனது. அச்சுவேலிக்கு அயலில் புத்தூரில் மெதடிஸ்த மிஷன் வைத்தியசாலை, இணுவிலில் 1898இல் திறந்த மக்லியோட் வைத்தியசாலை என்று மிஷன் வைத்தியம் கிராமங்களுக்குள் நன்றாக ஊன்றியது உண்மை. ஆனால் பல் வைத்தியம் என்ற தனித்துறை அப்போது இந்தப் பக்கம் எட்டவில்லை. நோவெடுத்த பல்லைக் கழற்றுவதே வைத்தியம். தெரிவு ஒன்றுதான் இருக்கும்போது கலந்து பேசுவதற்கு அதிகம் இல்லை.

உண்மையான திருப்பம் 1950களில் வந்தது, அதுவும் நியூசிலாந்திலிருந்து. முதலாம் உலகப்போருக்கு ஆள் திரட்டியபோது இளைஞர்களின் பற்கள் இருந்த நிலையைக் கண்டு அதிர்ந்த அந்த நாடு, தோமஸ் ஹன்டரின் முயற்சியில், 1921இல் ஒரு புதுவழி கண்டது. பட்டம் பெற்ற பல் வைத்தியர்களை எண்ணிக்கொண்டிராமல், இளம்பெண்களுக்கு இரண்டு வருடப் பயிற்சி கொடுத்துப் பாடசாலைகளுக்குள்ளேயே அமர்த்தியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து இந்த முறையை இலங்கைக்கும் தந்தது. தொடக்கத்தில் வெலிங்டனில் பயின்றவர்கள் வந்தார்கள்; பிறகு மகரகமவில் பயிற்சிப் பாடசாலை அமைந்தது. இன்று பாடசாலைப் பல் சிகிச்சையாளர் என்று பதவிப்பெயர் பெற்றிருக்கும் இவர்கள்தான், பிள்ளைகள் ‘மிஸ்’ என்று கூப்பிடும் இவர்கள்தான், நாட்டின் பல தலைமுறைகளுக்கு முதற் பல் வைத்தியர். 1945இன் இலவசக் கல்வி கிராமத்துப் பிள்ளைகளை வகுப்பறைக்குக் கொண்டுவந்திராவிட்டால் இது நடந்திருக்காது. பிள்ளைகள் எல்லோரும் இருக்கும் ஒரே இடம் பள்ளிக்கூடம். ஆகவே பல் வைத்தியமும் பள்ளிக்கூடத்துக்குப் போனது.

இந்த முறையின் வெற்றிக்குக் காரணம் எதுவோ, அதுவே வீட்டாரை விலக்கியது. பிள்ளையை வகுப்பிலிருந்து அழைத்து, பார்த்து, அடைக்க வேண்டியதை அடைத்து, திருப்பி அனுப்பிவிடலாம். தோட்டத்தில் வெங்காயம் கிண்டும் நாளில் தாய் வேலையை விட்டு வரவேண்டியதில்லை; தகப்பன் கூலியை இழக்க வேண்டியதில்லை; பஸ்ஸுக்குக் காசில்லை என்பதற்காகப் பல் கெட வேண்டியதுமில்லை. வீட்டாரின் பங்கு ஒரு சம்மதக் கடிதத்தில் கையொப்பம் என்ற அளவுக்குச் சுருங்கியது. இதைக் குறையாக மட்டும் பார்ப்பவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளையின் பக்கம் நின்று பார்க்கவில்லை. பெற்றோர் வந்து உட்கார்ந்து பேச வேண்டும் என்று அன்று விதித்திருந்தால், வரக்கூடியவர்களின் பிள்ளைகளுக்கே வைத்தியம் கிடைத்திருக்கும். ஆனால் நியூசிலாந்தின் அனுபவத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. அங்கே பிள்ளைகள் பள்ளிப் பல் வைத்திய அறைக்குக் ‘கொலை வீடு’ என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அந்த நாட்டின் பற்களைக் காத்த திட்டம் ஒரு தலைமுறைக்குப் பயத்தையும் சேர்த்தே கொடுத்தது. தாயோ தகப்பனோ பக்கத்தில் இல்லாமல், என்ன நடக்கப்போகிறது என்று சொல்லப்படாமல் கதிரையில் ஏறிய பிள்ளை, வளர்ந்து தாயானபின் தன் பிள்ளையைக் கதிரைக்குக் கொண்டுவரத் தயங்குகிறாள் என்றால் அது அவளுடைய அறியாமை அல்ல.

இப்போது கணக்குக்கு வருவோம். இலங்கையின் தேசிய வாய்ச்சுகாதார ஆய்வுகள் இரண்டு வெவ்வேறு கதைகளைச் சொல்கின்றன. 12 வயதுப் பிள்ளைகளில் சூத்தை உள்ளவர் 2002-03இல் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர். 2015-16இல் ஏறத்தாழ 30 பேர். 1980களின் நிலையோடு ஒப்பிட்டால் இது பெரிய இறக்கம். ஐந்து வயதுப் பிள்ளைகளில் அதே இரண்டு ஆய்வுகளிலும் நூற்றுக்கு 60க்கு மேல். பதின்மூன்று வருடத்தில் அசைவு மிகச் சிறிது. அந்தச் சூத்தைப் பற்களில் பெரும்பாலானவை எந்தச் சிகிச்சையும் பெறாதவை. நிலைப்பல் பள்ளி வயதில் முளைக்கிறது. பள்ளிக்கூடத்துக்குள் இருந்த சேவை அதைக் கண்டது, காத்தது. பால்பல் முளைப்பதும் கெடுவதும் வீட்டில், பிள்ளை பள்ளி வாசலை மிதிக்கும் முன்பே. வீட்டாரைச் சுற்றிப் போய் வென்ற முறை, வீடு வரைக்கும் போக வேண்டிய இடத்தில் நின்றுவிட்டது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. நிலைப்பல் தேறியதற்குப் பள்ளிச் சேவை மட்டும் காரணமல்ல, புளோரைட் பற்பசை ஊரெங்கும் பரவியதும் காரணம். பால்பல் தேறாததற்குச் சீனி, பிஸ்கட், இரவுப் பால்போத்தல் காரணம். வைத்தியர் வீட்டாரோடு பேசினாரா என்பதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். காரணங்கள் சரியானவை. ஆனால் அந்தக் காரணங்கள் ஒவ்வொன்றும் யாருடைய கையில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். பற்பசையை எந்த வயதில் தொடங்குவது, எவ்வளவு வைப்பது, யார் தீட்டிவிடுவது, நித்திரைக்குப் போகும் பிள்ளைக்குப் போத்தலைக் கொடுப்பதா, அழும் பேரனுக்கு அப்பம்மா இனிப்புக் கொடுக்கும்போது யார் மறுப்பது என்ற இவையெல்லாம் வீட்டில் எடுக்கப்படும் முடிவுகள். சுவரொட்டியும் வருடத்துக்கொரு சொற்பொழிவும் இந்த முடிவுகளை மாற்றவில்லை என்பதே ஐந்து வயதுக் கணக்கின் பொருள். அப்பம்மாவின் இனிப்பு பாசத்தில் வருகிறது. அதைத் தடைசெய்யும் கட்டளை வீட்டுக்குள் சண்டையாகவே முடியும். அதே இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுப்பதா, ஞாயிற்றுக்கிழமைக்கு வைப்பதா என்று அப்பம்மாவையே கேட்டால் அவர் ஒரு வழி சொல்வார். தான் சொன்ன வழியை அவரே காப்பார்.

வடக்கின் கதையில் போர் என்ற ஒரு பெரும் முறிவு இருக்கிறது. அதைத் தாண்டி இன்றைய பெற்றோரைப் புரிந்துகொள்ள முடியாது. 1990 முதல் குடாநாட்டுக்கு மின்சாரம் இருக்கவில்லை; எரிபொருளும் மருந்தும் தடைகளுக்குள் அகப்பட்டிருந்தன. 1995 ஒக்டோபர் 17இல் தொடங்கிய படை நடவடிக்கை அச்சுவேலி, புத்தூர், நீர்வேலிப் பக்கமாகவே யாழ்ப்பாணத்தை நோக்கி நகர்ந்தது. அந்த மாத முடிவில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. தெருவில் பிள்ளையைத் தூக்கி நடந்த தாய்க்குப் பால்பல் ஒரு கவலையே அல்ல. அமைதியான நாளிலும் துளைபொறிக்கும் வெளிச்சத்துக்கும் மின்சாரம் இல்லாத இடத்தில், ஆறுமாதம் கழித்துத் திரும்பி வர முடியுமா என்று தெரியாத காலத்தில், பல்லைக் கழற்றுவது மிக நியாயமான முடிவு. அன்று பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று தாய் தகப்பன். “விழுகிற பல்லுத்தானே, கழட்டி விடுங்கோ டொக்ரர்” என்று அவர்கள் கேட்கும்போது பல் வைத்தியர் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்வதுண்டு. ஒருகாலத்தில் சரியாக இருந்த முடிவை அவர்கள் காலம் மாறியபின்னும் சுமக்கிறார்கள் என்பதே என் எண்ணம். அந்த வரலாற்றைத் தெரிந்த வைத்தியர் கண்டிக்கமாட்டார். பால்பல் தனக்குப் பின்வரும் நிலைப்பல்லுக்கு இடம் காத்து வைக்கிறது, கடைவாய்ப் பால்பல் பத்துப் பன்னிரண்டு வயதுவரை நிற்க வேண்டியது, முந்தி எடுத்தால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தை அடைத்துவிடும் என்று விளக்குவார்.

விளக்குவதோடும் வேலை முடிவதில்லை. சென்ற இருபது வருடத்தில் பால்பல் வைத்தியமே மாறிவிட்டது. ஒரே பல்லுக்கு இன்று பல வழிகள் உள்ளன. ஸ்கொட்லாந்தின் நோர்னா ஹோல் காட்டிய முறையில் சூத்தையைத் துளைக்காமல், விறைப்பூசி போடாமல், பல்லின்மேல் உருக்குக் கிரீடம் பொருத்திச் சூத்தையை உள்ளேயே அடைத்துவிடலாம். வெள்ளிப் புளோரைட் திரவத்தைத் தடவிச் சூத்தையை நிறுத்தலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. துளைத்து அடைக்கலாம். துப்புரவையும் உணவையும் திருத்தி, கண்காணித்துக்கொண்டும் இருக்கலாம். பிரித்தானியாவில் 3 முதல் 7 வயதுவரையான 1,144 பிள்ளைகளை மூன்று பிரிவாக்கி, துளைத்து அடைத்தல், உள்ளே வைத்து மூடுதல், தடுப்பு மட்டும் என்ற மூன்று வழிகளையும் ஏறத்தாழ மூன்று வருடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நோவிலோ சீழ்ப்பிடிப்பிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இது அங்கத்தைய பிள்ளைகளின் கணக்கு, அப்படியே இங்கு பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அது வைத்தியருக்குச் சொல்லும் செய்தி பெரியது. மருத்துவ அறிவு மட்டும் ஒரு வழியைத் தேர்ந்து தரமுடியாத இடங்கள் உண்டு. அங்கே தேர்வைத் தீர்மானிக்க வேண்டியவை வீட்டாருக்கே தெரிந்தவை. பிள்ளை ஊசிக்கு எவ்வளவு பயப்படுகிறது? திரும்ப மூன்று தரம் கூட்டிவர யார் இருக்கிறார்? தகப்பன் கனடாவிலோ இலண்டனிலோ இருந்தால் அவருடைய சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டுமா? வெள்ளித் திரவம் பட்ட இடம் கறுத்துப்போகும். முன்பல்லில் அந்தக் கறுப்பை மகளின் சிரிப்பில் பார்க்க வீட்டார் ஒத்துக்கொள்வார்களா, அல்லது நோவில்லாமல் முடிந்தால் போதும் என்பார்களா? இந்தக் கேள்விகளுக்கு விடை பாடநூலில் இல்லை.

மரியாதை ஒரு தடையாக நிற்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். “நீங்கள் படிச்சனீங்கள், நீங்களே சொல்லுங்கோ” என்று வீட்டார் சொல்லும் இடத்தில் முடிவைப் பங்கிடுவது எப்படி? கிளினிக்கில் ஐம்பது பேர் காத்திருக்கும்போது எவ்வளவு நேரம் பேசுவது? தவறான வழியை வீட்டார் கேட்டால் என்ன செய்வது? கடைசிக் கேள்விக்கு விடை நேரானது. முகம் வீங்கிக் காய்ச்சலோடு வந்த பிள்ளைக்குத் தெரிவு இல்லை. சீழை வெளியேற்ற வேண்டும், உடனே. சேர்ந்து முடிவெடுப்பது என்றால் வைத்தியர் தம் அறிவை விட்டுக்கொடுப்பது அல்ல. தெரிவு உள்ள இடத்தில் தெரிவு உண்டு என்றும், இல்லாத இடத்தில் இல்லை என்றும் ஒளிக்காமல் சொல்வது. அமெரிக்காவில் 1982இல் ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று இந்தக் கருத்தை முன்வைத்தபோது அதற்குச் சட்ட வழக்குகளின் பின்னணி இருந்தது. அச்சுவேலியில் அதற்கு வழக்கு தேவையில்லை. “நான் சொல்லலாம், ஆனால் இரவில் பல் தீட்டிவிடப் போவது நீங்கள், உங்களுக்கு எது இயலும்?” என்ற ஒரு கேள்வி மரியாதையைக் குலைப்பதில்லை. பரிகாரியாரும் அதைத்தான் கேட்டார். நேரம் பற்றிய முறையீடு உண்மையானது. ஆனால் புரியாமல் போனவர் திரும்பி வரும்போது பல் இன்னும் கெட்டிருக்கும், அந்த நேரமும் அதே கிளினிக்கிலிருந்துதான் போகும்.

கடினமான தடை மொழி. நீண்டகாலம் நாட்டின் ஒரே பல் மருத்துவபீடமாக இருந்தது பேராதனை, கற்பித்தது ஆங்கிலத்தில். 1978இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் வந்தபோதும் பல் மருத்துவபீடம் வரவில்லை. வடக்குக்கு நியமனம் பெற்று வரும் இளம் பல் வைத்தியர் சிங்களம் மட்டும் பேசுபவராக இருப்பதுண்டு. அவருடைய திறமையில் குறையிருக்காது, அக்கறையிலும் குறையிருக்காது. ஆனால் “கழற்றலாம், அல்லது மூடலாம், இரண்டுக்கும் வேறுபாடு இது” என்று ஒரு தாய்க்குச் சொல்ல ‘வாயைத் திற’, ‘நோகுதா’ என்ற அளவுத் தமிழ் போதாது. தமிழ் வைத்தியர்களுக்கும் சிக்கல் இல்லாமலில்லை: தாம் ஆங்கிலத்தில் படித்ததை அம்மம்மாவுக்கு விளங்கும் தமிழில் சொல்ல யாரும் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்ததில்லை. கிறீன் மானிப்பாயில் தொடங்கி நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகிறது. அவர் இரணவைத்தியத்துக்குச் செய்ததைப் பால்பல்லுக்கு ஒரு சிறு கைநூல் அளவிலாவது செய்வது பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இயலாத காரியமல்ல.

பிள்ளையின் சொல்லை இதுவரை தள்ளியே வைத்திருக்கிறேன். வரலாறும் அப்படித்தான் வைத்தது. சிறுவர் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 1991இல் ஏற்றது. தன்னைப் பாதிக்கும் விடயத்தில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு எடை கொடுக்க வேண்டும் என்கிறது அதன் 12ஆம் உறுப்புரை. ஐந்து வயதுப் பிள்ளை கிரீடமா அடைப்பா என்று தீர்மானிக்காது. ஆனால் இன்றைக்கா நாளைக்கா, அம்மாவின் மடியிலா கதிரையிலா, கையை உயர்த்தினால் நிறுத்தவேண்டுமா என்பதை அது சொல்ல முடியும், சொன்னால் கேட்கவும் முடியும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இன்னும் கூடுதலாகச் சொல்ல முடியும். இங்கேதான் பள்ளிக்கூடத்து ‘மிஸ்’ஸுக்குப் பெரிய வேலை காத்திருக்கிறது. வகுப்பறைக்குப் பக்கத்தில் இருப்பவர், பிள்ளையின் பெயரைத் தெரிந்தவர், தமிழ் பேசுபவர் அவர். அவரைப் போலவே வீட்டு வாசல்வரை போகும் இன்னொருவர் குடும்பநல உத்தியோகத்தர். பல்லுக்கொழுக்கட்டை அவிக்கும் மாதங்களில் குழந்தையின் எடையைக் குறிக்கவும் தடுப்பூசிக்கு அழைக்கவும் அவர் எப்படியும் அந்த வீட்டோடு பேசுகிறார். தாயின் கையில் இருக்கும் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை விரித்துப் போத்தலைப் பற்றியும் பற்பசையைப் பற்றியும் பேசவேண்டிய நாள் அது. அப்போது அம்மம்மாவும் அப்பம்மாவும் மாமியும் அங்கேயே இருக்கிறார்கள். பிள்ளைக்கு இன்னும் ஒரு பல்லும் கெடவில்லை.